கேர் பிளானின் கடைசிக் கட்டம்: நர்சிங் பிராசஸ் யாருக்காக?

கேள்வி இது: "பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். கேர் பிளான் எழுதச் சொல்லி உயிரை வாங்குகிறார்கள். வார்டில் போய்ப் பார்த்தால் எந்த ஸ்டாஃப் நர்ஸும் அதை எழுதுவதில்லை. நர்சிங் பிராசஸ் பரீட்சைக்கு மட்டும்தானா? கிரிட்டிகல் திங்கிங் என்கிறார்களே, அதை எப்படிப் பழகுவது? பிறகு அமெரிக்க நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வு எழுதும் எண்ணம் இருக்கிறது. அதற்கு இதெல்லாம் உதவுமா?"

நீங்கள் பார்த்தது சரிதான். நர்சிங் பிராசஸ் என்பது ஐந்து படி: அசெஸ்மென்ட் (நோயாளியைப் பார்த்துக் கேட்டு அறிவது), டயக்னோசிஸ் (பிரச்சினையைக் கண்டுபிடிப்பது), பிளானிங் (திட்டமிடுவது), இம்ப்ளிமென்டேஷன் (செய்வது), எவால்யுவேஷன் (பலித்ததா என்று பார்ப்பது). நம் ஊர் வார்டுகளில் இந்த ஐந்துக்கும் கட்டம் போட்ட கேர் பிளானை யாரும் எழுதிக்கொண்டிருப்பதில்லை. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. நைட் டியூட்டியில் ஒரு வார்டையே ஒருத்தர் ஓடி ஓடிப் பார்க்கிற இடங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அங்கே உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுத நேரம் ஏது? ஆனால் எழுதவில்லை என்பதால் செய்யவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

நல்ல ஸ்டாஃப் ஒருவரின் பின்னால் ஒரு ஷிஃப்ட் முழுக்க நடந்து பாருங்கள். ஹேண்டிங் ஓவர் (ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைப்பது) முடிந்ததும் முதல் படுக்கையிலிருந்து வரிசையாகப் போகமாட்டார். நேராக ஒன்பதாம் படுக்கைக்குப் போவார், நோயாளியின் கையைத் தொட்டுப் பார்ப்பார், குனிந்து யூரின் பேக்கைப் பார்ப்பார். மற்றவர்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஏன் அங்கே முதலில் போனீர்கள் என்று கேட்டால், "சும்மா, ஒரு மாதிரியா இருந்துச்சு" என்பார். அந்த 'ஒரு மாதிரி'க்குள் நீங்கள் படிக்கிற ஐந்து படிகளும் இருக்கின்றன. அவருக்கு அதைப் பிரித்துச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், அவ்வளவுதான். உங்களுக்கு இன்னும் அந்த 'ஒரு மாதிரி' வராது. அது வரும்வரைக்கும் படிகளை ஒவ்வொன்றாக ஏற வேண்டியிருக்கிறது.

கல்லூரியில் கெட்டுப்போவது எங்கே என்றால், படிகளைத் தலைகீழாக ஏறுகிறோம். மாணவர் முதலில் புத்தகத்தைத் திறந்து ஒரு டயக்னோசிஸை எடுக்கிறார். பிறகு அதற்குப் பொருத்தமாக அசெஸ்மென்ட் கட்டத்தை நிரப்புகிறார். இம்ப்ளிமென்டேஷன் கட்டத்தில், பிளானிங்கில் எழுதியதையே இறந்த காலத்தில் எழுதுகிறார். எவால்யுவேஷனில் 'கோல் பார்ஷியலி மெட்' (இலக்கு ஓரளவு எட்டப்பட்டது) என்று முடிக்கிறார். அந்த நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி இரண்டு நாள் ஆகியிருக்கும். இதைத் திருத்துகிற டீச்சரும் கையெழுத்தையும் மார்ஜினையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார். இந்தக் காகிதத்துக்கும் நோயாளிக்கும் சம்பந்தமில்லை என்று உங்களுக்குத் தோன்றினால், அது சரியான தோன்றல்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நர்சிங் பிராசஸ் என்ற எண்ணமே இயந்திரம் மாதிரி வேலை செய்வதற்கு எதிராகப் பிறந்தது. அந்தச் சொல்லை 1955இல் அமெரிக்க நர்ஸ் லிடியா ஹால் பயன்படுத்தினார். அதற்கு உயிர் கொடுத்தவர் ஐடா ஜீன் ஆர்லாண்டோ. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1950களின் பிற்பகுதியில் நர்ஸும் நோயாளியும் பேசிக்கொள்வதை அருகிருந்து கவனித்துக் குறித்துவைத்தார். 1961இல் அதை வெளியிட்டார். நர்ஸ் செய்வதை அவர் இரண்டாகப் பிரித்தார். ஆர்டர் இருக்கிறது, ரூல் இருக்கிறது, அதனால் செய்கிறேன் என்பது ஒரு வகை. நோயாளிக்கு இப்போது என்ன தேவை என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு செய்து, செய்தது பலித்ததா என்று திரும்பி வந்து பார்ப்பது இன்னொரு வகை. பிறகு 1967இல் நான்கு படிகளாக எழுதினார்கள். 1973இல் அமெரிக்க நர்சஸ் சங்கம் டயக்னோசிஸைத் தனிப் படியாக வைத்து ஐந்தாக்கியது. ஆர்லாண்டோ வலியுறுத்திய அந்த 'திரும்பி வந்து பார்ப்பது'தான் இன்று நாம் ஒப்புக்கு நிரப்புகிற கடைசிக் கட்டம்.

என் பார்வையில் முழு விஷயமும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. யோசிக்கிற நர்ஸுக்கும் யோசிக்காத நர்ஸுக்கும் வித்தியாசம் படித்த படிப்பில் பெரிதாக இல்லை. யோசிக்கிறவர் நோயாளியிடம் போகும் முன்பே, 'இந்நேரத்துக்கு இவர் இப்படி இருக்க வேண்டும்' என்று ஒரு எதிர்பார்ப்பை வைத்துக்கொண்டு போகிறார். அது பொய்த்தால் நின்று பார்க்கிறார். எதிர்பார்ப்பு இல்லாமல் போகிறவருக்கு எந்த எண்ணும் எண்ணாகத்தான் தெரியும். குறித்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். நானே கட்டியமைத்த உதாரணம்தான், ஆனால் மழைக்காலத்தில் எந்த மெடிக்கல் வார்டிலும் பார்க்கலாம். 22 வயதுப் பெண், 50 கிலோ, டெங்கு உறுதியாகிவிட்டது, காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள். காலையில் காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸ், பி.பி. 110/70, நாடி 100. இரவு எட்டு மணிக்கு நீங்கள் டியூட்டி எடுக்கிறீர்கள். காய்ச்சல் 37. அம்மா முகத்தில் சிரிப்பு. "நாலு மணிக்கே காய்ச்சல் விட்டுடுச்சு சிஸ்டர், நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்களா?" பி.பி. 104/84, நாடி 108, மூச்சு 22, ஆக்சிஜன் 97 சதவீதம். பெண் கண் திறந்து பேசுகிறாள், கொஞ்சம் சோர்வு.

சார்ட்டில் எழுதிப் போக வேண்டிய எண்கள் போலத்தான் தெரிகின்றன. இப்போது எதிர்பார்ப்போடு பாருங்கள். டெங்குவில் மூன்றிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும், அதை ஒட்டித்தான் ஆபத்தான கட்டம் தொடங்கும் என்று படித்திருக்கிறீர்கள். ரத்தக் குழாயிலிருந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதி, கசிகிற நேரம் அது, 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். ஆகவே இந்தப் பெண்ணிடம் போகும்போது உங்கள் மனதில் இருக்க வேண்டிய கேள்வி, 'காய்ச்சல் விட்டுவிட்டது, கசிவு ஆரம்பித்துவிட்டதா?' அந்தக் கேள்வியோடு போனால் பி.பி.யில் மேல் எண்ணை மட்டும் பார்க்கமாட்டீர்கள். காலையில் 110க்கும் 70க்கும் இடைவெளி 40, இந்த இடைவெளியைத்தான் பல்ஸ் பிரஷர் என்கிறோம். இப்போது 104க்கும் 84க்கும் இடைவெளி 20. மேல் எண் பெரிதாக இறங்கவில்லை. கீழ் எண் ஏறியிருக்கிறது. குழாய்க்குள் ரத்தத்தின் அளவு குறையும்போது உடம்பு குழாய்களை இறுக்கிப் பிரஷரைத் தாங்கிப் பிடிக்கிறது. இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே போனால் ஷாக், அதாவது உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாத நிலை, என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பி.பி. விழுந்த பிறகு கண்டுபிடிப்பது தாமதமாகக் கண்டுபிடிப்பது.

சரி, ஒரு எண்ணை மட்டும் நம்பி ஓடலாமா? கூடாது. உடனே கையைத் தொட வேண்டும். ஜில்லென்று இருக்கிறது. விரல் நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப மூன்று வினாடி ஆகிறது, இரண்டுக்குள் திரும்பியிருக்க வேண்டும். அடுத்தது யூரின். இன்டேக் அவுட்புட் சார்ட்டில் இரண்டு மணிக்குப் பிறகு 80 மில்லி என்று இருக்கிறது. 50 கிலோவுக்கு மணிக்கு 25 மில்லி என்று வைத்தாலும் ஆறு மணி நேரத்தில் 150 வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த 80ஐ நம்பலாமா என்பதும் ஒரு கேள்வி. நம் வார்டுகளில் அளவுக் குவளையில் பிடிக்காமல் பாத்ரூமிலேயே போய்விட்டு வருவது சகஜம். "கடைசியா எத்தனை மணிக்கும்மா போனீங்க? அதுக்கு முன்னாடி?" என்று கேட்டால்தான் சார்ட்டில் இல்லாதது வெளியே வரும். வாந்தி எத்தனை தடவை, வயிறு வலிக்கிறதா, என்ன குடித்தாள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நிலவேம்பு, பப்பாளி இலைச் சாறு என்று ஏதாவது உள்ளே போயிருக்கும். திட்டினால் அடுத்த முறை சொல்லமாட்டார்கள். எவ்வளவு குடித்தாள், குடித்த பிறகு வாந்தி வந்ததா என்பது நமக்கு வேண்டும்.

இன்னொரு கேள்வி, இதை ரவுண்ட்ஸில் ஐந்து பேர் சூழ நின்று கேட்டால் பதில் வராது. பீரியட்ஸ் வந்திருக்கிறதா? எத்தனை பேட் மாறியது? திரையை இழுத்துவிட்டு நீங்கள் குனிந்து கேட்டால் சொல்வாள். பிளேட்லெட் குறைந்த பெண்ணுக்கு இது சாதாரணத் தகவல் கிடையாது. கேஸ் ஷீட்டில் 'நோ ப்ளீடிங்' என்று எழுதியிருந்தாலும் கேளுங்கள்.

ரத்த ரிப்போர்ட் வந்திருக்கிறது. கூட இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்பது பிளேட்லெட். 90 ஆயிரம் இருந்தது 42 ஆயிரம். டெங்கு என்றாலே தமிழ்நாட்டில் பிளேட்லெட் கணக்குதான் வீட்டில் பேச்சு, நர்ஸிங் ஸ்டேஷனிலும் பல நேரம் அதுதான். உங்கள் கண் போக வேண்டியது பி.சி.வி.க்கு, அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்ற எண்ணுக்கு. காலையில் 40, இப்போது 48. அதாவது 20 சதவீத ஏற்றம். தண்ணீர் வெளியே போய் ரத்தம் கெட்டியாகியிருக்கிறது. கையில் கிடைத்ததெல்லாம் இப்போது ஒரே பக்கம் கைகாட்டுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இப்போது பல மருத்துவமனைகளில் எச்சரிக்கை ஸ்கோர் சார்ட்டுகள் வந்துவிட்டன. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017இல் வெளியிட்ட நியூஸ்-2 அவற்றில் பிரபலமானது. இந்தப் பெண்ணுக்கு அதைப் போட்டுப் பாருங்கள். மூச்சு 22க்கு 2, மேல் பிரஷர் 104க்கு 1, நாடி 108க்கு 1, காய்ச்சல், ஆக்சிஜன், நினைவு மூன்றுக்கும் பூஜ்யம். மொத்தம் 4. அவசரமாக டாக்டரைக் கூப்பிடச் சொல்லும் எல்லை 5, அதை இது எட்டவில்லை. காரணம் எளியது: அந்த ஸ்கோரில் கீழ் பிரஷருக்கு இடமே இல்லை, கை ஜில்லென்று இருப்பதற்கும் இடமில்லை. ஸ்கோர் மோசமானது என்று சொல்லவில்லை, எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. இந்த நோய் எந்த வழியில் கெடும் என்று அதற்குத் தெரியாது, உங்களுக்குத் தெரிய வேண்டும். கிரிட்டிகல் திங்கிங் என்பதற்கு விளக்கம் கேட்டால் நான் இந்த 4ஐத்தான் காட்டுவேன்.

ஸ்கோர் 4 வந்ததற்கே காரணம் மூச்சை எண்ணியதுதான். எந்த வார்டிலும் டி.பி.ஆர். (காய்ச்சல், நாடி, மூச்சு) சார்ட்டை எடுத்துப் பாருங்கள், மூச்சு எல்லாருக்கும் 18 அல்லது 20. மெஷின் காட்டாத ஒரே எண் அது என்பதால் மனசால் எழுதிவிடுகிறோம். உடம்பு கெட ஆரம்பிக்கும்போது முதலில் மாறுகிறவற்றில் மூச்சும் ஒன்று. நாடி பார்ப்பது மாதிரி கையைப் பிடித்துக்கொண்டே ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார்.

இப்போது டயக்னோசிஸ். நம் பிள்ளைகள் இங்கேதான் குழம்புகிறார்கள். டெங்கு என்பது டாக்டரின் டயக்னோசிஸ். 'பிளாஸ்மா கசிவால் ரத்தக் குழாயில் திரவம் குறைந்திருக்கிறது, அடையாளம் இன்னின்னது' என்பது உங்களுடையது. பிரச்சினை, காரணம், அடையாளம் என்று மூன்றையும் சேர்த்து எழுதச் சொல்வது சும்மா இல்லை. நாம் செய்கிற வேலை காரணத்தைக் குறிவைக்கிறது. 'தூக்கமில்லை' என்று மட்டும் எழுதினால் என்ன செய்வீர்கள்? ஒருவருக்குத் தையல் வலியால் தூக்கமில்லை. இன்னொருவருக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, இவருக்கு இதயத்தைப் பார்க்க வேண்டியிருக்கலாம். மூன்றாமவருக்கு மகளின் கல்யாணத்துக்கு வைத்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. 'லைட்டை அணைத்து அமைதியான சூழல் ஏற்படுத்தவும்' என்ற ஒரே வரியை மூவருக்கும் எழுதுவதுதான் புத்தகத்தைப் பார்த்து எழுதுகிற கேர் பிளான்.

ஷாக் போன்றவற்றை நர்ஸ் தனியாகச் சரிசெய்ய முடியாது என்பதால், கார்பனிட்டோ என்ற நர்சிங் அறிஞர் அவற்றைக் கூட்டுப் பிரச்சினைகள் என்று தனியாகப் பிரித்தார். கண்டுபிடிப்பதும் கண்காணிப்பதும் நம் பொறுப்பு, மருந்தும் ஃப்ளூயிடும் டாக்டரின் ஆர்டர். அப்படியானால் அடுத்த வேலை டாக்டரைக் கூப்பிடுவது. இதிலும் யோசனை வேண்டும்.

"டாக்டர், ஒன்பதாம் பெட் பேஷன்ட்டுக்கு பி.பி. கொஞ்சம் லோவா இருக்கு."
"எவ்வளவு?"
"104/84."
"அது ஓகேதானே சிஸ்டர், வாட்ச் பண்ணுங்க."

டியூட்டி டாக்டர் மீது தப்பில்லை. அவருக்கு ஒரு எண்தான் கிடைத்தது, அந்த எண் தனியாகப் பார்த்தால் பரவாயில்லாத எண். இதையே இப்படிச் சொல்லுங்கள்:

"டாக்டர், ஃபீமேல் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் பேசுறேன். ஒன்பதாம் பெட், 22 வயசு, டெங்கு அஞ்சாம் நாள், காய்ச்சல் விட்டு நாலு மணி நேரம் ஆகுது. காலையில பல்ஸ் பிரஷர் 40, இப்ப 20. கை கால் ஜில்லுன்னு இருக்கு, ரீஃபில் மூணு செகண்ட். ரெண்டு மணியிலிருந்து யூரின் 80தான். பி.சி.வி. 40லேர்ந்து 48. ஷாக்குக்குள்ள போறாங்கன்னு நினைக்கிறேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும். வர்றதுக்குள்ள ஃப்ளூயிட் ரேட் ஏத்தவா?"

இந்த வரிசைக்கு எஸ்பார் என்று பெயர்: நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, கைசர் பெர்மனென்ட்டே என்ற அமெரிக்க மருத்துவ நிறுவனம் வழியாக மருத்துவமனைகளுக்கு வந்தது. மேலதிகாரியிடம் சுருக்கமாக, பயப்படாமல் பேச வேண்டிய இடத்தில் பிறந்ததால்தான் நமக்கும் பொருந்துகிறது. 'ஷாக்குக்குள்ள போறாங்கன்னு நினைக்கிறேன்' என்ற வரியைச் சொல்லத் தயங்குவீர்கள். நமக்கு அப்படித்தான் பழக்கம். நர்ஸ் எண்ணைச் சொல்வார், அர்த்தத்தை டாக்டர் சொல்வார் என்று. ஆனால் ராத்திரியில் வேறு ஒரு வார்டில் நிற்கிற டாக்டர் நோயாளியைப் பார்க்கவில்லை, நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கணிப்பு தப்பாக இருந்தால் அவர் வந்து பார்த்துச் சொல்லட்டும். அதற்காக யாரும் உங்களை வேலையை விட்டு அனுப்பப்போவதில்லை. பி.ஜி. (மேற்படிப்பு படிக்கிற டாக்டர்) ஒருவர் சிடுசிடுத்தால் சிடுசிடுக்கட்டும். வரவில்லை என்றால் அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிடுங்கள், கூப்பிட்ட நேரத்தையும் சொன்னதையும் நர்சஸ் நோட்ஸில் எழுதுங்கள்.

டாக்டர் வந்து ஃப்ளூயிட் எழுதுகிறார். பி.பி. இன்னும் தாங்கி நிற்கிற இந்த மாதிரி ஷாக்கில் கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி, முதல் ஒரு மணி நேரத்தில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். நம் பெண்ணுக்கு 250 முதல் 500 மில்லி. டிரிப் ஓடுகிறது. பலருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும். எதிர்பார்ப்பை எழுத வேண்டியது இப்போதுதான்: 'ஒரு மணி நேரத்தில் நாடி குறைய வேண்டும், இடைவெளி விரிய வேண்டும், கை சூடாக வேண்டும், யூரின் மணிக்கு 25 மில்லியாவது வர வேண்டும்.' நேரம் இல்லாத கோலுக்கு மதிப்பு இல்லை. 'நோயாளியின் திரவ நிலை சீராகும்' என்று எழுதினால் எப்போது போய்ப் பார்ப்பது? ஷாக்கிலிருந்து வெளியே வரும்வரை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், ஃப்ளூயிடுக்கு முன்னும் பின்னும் பி.சி.வி. எடுக்க வேண்டும்.

ஒரு மணி நேரம் கழித்து பி.சி.வி. 48லிருந்து 38க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். நல்ல சேதியா? கை சூடாகி, நாடி குறைந்து, பெண் தெளிவாகப் பேசினால் நல்ல சேதி. அதே 38, நாடி 130, முகம் வெளுத்திருக்கிறது, வயிறு வலிக்கிறது என்றால், எங்கோ ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. அப்போது ஃப்ளூயிடை ஏற்றிக்கொண்டே போவதில் பிரயோசனம் இல்லை, ரத்தம் வேண்டும். ஒரே எண்ணுக்கு நேர் எதிரான இரண்டு அர்த்தம், பிரித்துச் சொல்வது படுக்கையருகே நிற்கிறவரின் கண்ணும் கையும். இரண்டு நாள் கழித்து இன்னொரு திருப்பம் உண்டு. கசிந்த தண்ணீர் குழாய்க்குள் திரும்பி வரும். அந்த நேரத்தில் பழைய வேகத்திலேயே டிரிப் ஓடினால் நுரையீரலில் தண்ணீர் சேரும். வியாழன் இரவு உயிரைக் காப்பாற்றிய பாட்டில் சனிக்கிழமை மூச்சுத் திணறலைக் கொண்டுவரும். அன்றைக்கு மூச்சு 26 என்று எண்ணிப் பார்த்து "டாக்டர், டிரிப்பைக் குறைக்கலாமா?" என்று கேட்கிறவர்தான் எவால்யுவேஷன் செய்கிறவர். ஐந்தாம் படி முடிவு இல்லை, அடுத்த முதல் படி என்று உங்கள் புத்தகத்தில் ஒரு வட்டப் படம் போட்டிருப்பார்கள். அந்த வட்டத்துக்கு இதுதான் அர்த்தம்.

டெங்குவை விட்டு வேறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாம் அதிகம் சறுக்குகிற இடம் அது. ஆர்த்தோ வார்டில் இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த 72 வயதுப் பெரியவர், சர்க்கரை நோயாளி. காலையில் எழுந்ததிலிருந்து கத்துகிறார், ட்ரிப் லைனைப் பிடுங்குகிறார். ஹேண்டிங் ஓவரில், "அந்தத் தாத்தா காலையிலேர்ந்து தகராறு" என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை விழுந்த பிறகு யாரும் அவரை அசெஸ் செய்வதில்லை, சமாளிக்கத்தான் பார்க்கிறார்கள். நேற்றுவரை சாந்தமாக இருந்த மனிதர் திடீரென்று குழம்பினால் அது குணம் இல்லை, அறிகுறி. ஆக்சிஜன் பாருங்கள். சர்க்கரை பாருங்கள். அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள், கதீட்டர் அடைத்துக்கொண்டு யூரின் தேங்கியிருக்கலாம். வலி மருந்து எப்போது கொடுத்தது, புதிதாகத் தூக்க மாத்திரை ஏதாவது சேர்த்தார்களா, மூக்குக்கண்ணாடி எங்கே, காது கருவி எங்கே. இன்சுலின் ஏழரைக்குப் போட்டிருக்கிறார்கள், மகன் வீட்டிலிருந்து இட்லி கொண்டுவரும்போது ஒன்பதரை. "சாப்பாடு வந்துச்சா?" என்ற கேள்வி இன்சுலின் ஊசியைக் கையில் எடுக்கும் முன் கேட்க வேண்டியது, பிறகு இல்லை. பி.பி.க்காக பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவராக இருந்தால் சர்க்கரை இறங்கும்போது படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் போகும், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். சட்டை நனைந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவருக்கு அந்த மருந்துச் சீட்டின் அர்த்தமும் தெரிந்திருக்க வேண்டும்.

பழகுவது எப்படி என்று கேட்டீர்கள். நர்சிங் பேராசிரியர் கிறிஸ்டின் டானர் 2006இல் எழுதிய மாதிரி ஒன்று இருக்கிறது: கவனித்தல், பொருள் காணுதல், செயல்படுதல், திரும்பிப் பார்த்தல். அதில் எனக்குப் பிடித்தது, நர்ஸ் எதைக் கவனிக்கிறார் என்பது அவர் மனதில் ஏற்கெனவே இருக்கிற எதிர்பார்ப்பைப் பொறுத்தது என்று அவர் சொல்வது. அதனால் பயிற்சியை அங்கேயே தொடங்குங்கள். நாளைக்கு வார்டுக்குப் போனதும், ஹேண்டிங் ஓவர் கேட்கும்போது ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே ஒரு கேள்வி: இவர் இந்த ஷிஃப்டில் கெடுவதென்றால் எப்படிக் கெடுவார், எனக்கு அது முதலில் எதில் தெரியும்? நாற்பது பேரில் மூன்று நான்கு பேருக்குத்தான் உண்மையான பதில் வரும். அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் பாக்கெட் நோட்டில் ஒரு சொல் எழுதுங்கள். 'ப்ளீடிங்', 'சர்க்கரை', 'மூச்சு'. நடக்கும் வரிசையை அவர்களை வைத்து அமைத்துக்கொள்ளுங்கள். ஆள் பற்றாக்குறை வார்டில் எல்லாரையும் ஒரே மாதிரி பார்ப்பது நியாயம் போலத் தெரியும், உண்மையில் யாரையும் பார்க்காமல் இருப்பதுதான்.

ஸ்டாஃப் சிஸ்டரிடம் "என்ன செய்யணும்?" என்று கேட்பதை விட "அங்க முதல்ல ஏன் போனீங்கக்கா?" என்று கேளுங்கள். பிஸியான நேரத்தில் கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். டீ நேரத்தில் கேட்டால் பாடம் நடக்கும். கேர் பிளானைப் பொறுத்தவரை, டீச்சர் ஐந்து டயக்னோசிஸ் கேட்டால் ஐந்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், மதிப்பெண் போகக் கூடாது. ஆனால் அதில் ஒன்றையாவது நோயாளியிடமிருந்து தொடங்கி எழுதுங்கள், எவால்யுவேஷன் கட்டத்தில் நேரத்தோடு நீங்கள் போய்ப் பார்த்ததை எழுதுங்கள். 'எதிர்பார்த்தபடி ஆகவில்லை' என்று எழுத வேண்டி வந்தால் அதை எழுதப் பயப்படாதீர்கள். வைவாவில் பேச உங்களிடம் விஷயம் இருக்கும்.

என்கிளெக்ஸ். கண்டிப்பாக உதவும், அதுவும் முன்பை விட இப்போது அதிகமாக. 2023 ஏப்ரலிலிருந்து புது வடிவத் தேர்வு நடக்கிறது. அதில் ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்விகள் தொடர்ந்து வரும் கேஸ் ஸ்டடிகள் இருக்கின்றன. அடையாளங்களைக் கண்டுகொள்வது, அவற்றைப் பகுத்துப் பார்ப்பது, எது முதலில் என்று வரிசைப்படுத்துவது, வழி யோசிப்பது, செய்வது, பலனைப் பார்ப்பது. மேலே டெங்கு பெண்ணுக்கு நாம் செய்ததும் இதேதான். நர்சஸ் நோட்ஸ், வைட்டல்ஸ், லேப் ரிப்போர்ட் எல்லாம் திரையில் இருக்கும், எது முக்கியம் என்று நீங்கள்தான் பொறுக்க வேண்டும். மனப்பாடம் அங்கே அதிக தூரம் ஓடாது.

நம் பிள்ளைகள் தடுமாறுவது இன்னொரு இடத்தில். எந்த வேலையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற கேள்விகள். இங்கே அட்டெண்டர், ஆயாம்மா, மாணவர்கள் எல்லாரும் கலந்து வேலை செய்து பழகியதால் அந்தக் கோடு நமக்குத் தெளிவாக இல்லை. அங்கே நிலையாக இருக்கிற நோயாளிக்கு பி.பி. பார்ப்பதை, யூரின் அளப்பதை, குளிப்பாட்டுவதை உதவியாளரிடம் கொடுக்கலாம். அசெஸ்மென்ட், எவால்யுவேஷன், நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பது மூன்றையும் கொடுக்கக் கூடாது. கோச்சிங் சென்டரில் சேர்வதைக் கடைசி வருஷம் முடியும் சமயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கேள்வி வங்கியை அப்போது புரட்டலாம். இப்போது மெடிக்கல் வார்டு போஸ்டிங் இருந்தால் ஒரு நைட் டியூட்டியாவது கேட்டு வாங்குங்கள்.